தியானமும் உடல், உள நலனும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பருவத்தேர்வு நாளில் நிகழ்ந்ததை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்து, இலக்கண நூற்பாக்களைத் தடையின்றி ஒப்புவிக்கும் மாணவர் ஒருவர், தேர்வுக்கூடத்தினின்று பாதி நேரத்திலேயே வெளியேறித் துறை அறைக்கு வந்தார். உள்ளங்கைகள் வியர்த்திருந்தன, உதடுகள் உலர்ந்திருந்தன. "ஐயா, படித்ததெல்லாம் தெரியும். வினாத்தாளைக் கையில் வாங்கியதும் நெஞ்சு படபடத்தது. ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை" என்றார். "பயப்படாதே தம்பி, அடுத்த தேர்வை நன்றாக எழுதலாம்" என்று கூறி அனுப்பினேன். அவர் சென்ற பின்னர்தான் என் விடையின் வறுமை எனக்குப் புலப்பட்டது. பயப்படாதே என்று எவரும் கூறிவிடலாம். பயப்படாதிருக்கும் வழியைக் காட்டுவதன்றோ ஆசிரியரின் கடமை?

அதே ஆண்டில் எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. தலைச்சுற்றலுக்காக மருத்துவரிடம் சென்றேன். குருதியழுத்தம் 150/100 இருந்தது. மாத்திரை எழுதித் தந்து, உப்பைக் குறைக்கவும் நாள்தோறும் நடக்கவும் அறிவுறுத்திய அவர், இறுதியாக, "சார், தினமும் ஒரு கால்மணி நேரம் சும்மா உட்காருங்கள்" என்றார். எளிய செயல் என எண்ணிக்கொண்டு வீடு திரும்பினேன். அமர்ந்து பார்த்தபோது மூன்று மணித்துளிகள்கூட நிலைக்க முடியவில்லை. திருத்த வேண்டிய விடைத்தாள்கள், கட்ட வேண்டிய கட்டணம், என்றோ ஒருவர் சொன்ன சுடுசொல் என ஒன்றன்பின் ஒன்றாக எண்ணங்கள் வந்து வரிசையில் நின்றன. 'சும்மா இருத்தல்' எத்துணை அரிய செயல் என்று நம் ஞானியர் ஏன் வியந்தனர் என்பது அன்றுதான் விளங்கிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளும் தியானத்தைப் பற்றி நான் தேடிப் படிக்கக் காரணமாயின. தியானம் என்பது யாது? அது நம் நெறிக்கு அயலானதா? அதனால் உடலும் உள்ளமும் மெய்யாகவே பயன்பெறுகின்றனவா, பெறுமெனில் எந்த அளவிற்கு? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

தமிழ்த்துறை மலரில் எழுதப்படும் கட்டுரை சொல்லாராய்ச்சியில் தொடங்குவது பொருத்தமே. 'தியானம்' வடசொல். சிந்தித்தல் எனப் பொருள்படும் வேரினின்று பிறந்தது. இச்சொல்லே பாலி மொழியில் 'ஜானம்' என்றும், பௌத்தத்தோடு சீனம் சென்று 'சான்' என்றும், சப்பானில் 'சென்' என்றும் வழங்கிற்று. தனித்தமிழ் அறிஞர் இதனை 'ஊழ்கம்' என்பர்.

இதனினும் சுவையான செய்தி ஒன்று உண்டு. பழந்தமிழில் 'உள்ளுதல்' என்பதற்கு நினைத்தல் என்பது பொருள். 'உள்ளம்' என்னும் சொல் அதனோடு உறவுடையது. பௌத்தர் தம் தியான முறைக்கு வழங்கும் 'சதி' என்னும் பாலிச் சொல், வடமொழி 'ஸ்மிருதி'யின் திரிபாகும். அதற்கும் நினைவு என்பதே பொருள். இஸ்லாமியர் இறைவனை உன்னிப் பன்முறை ஓதும் 'திக்ர்' என்னும் அரபுச் சொல்லுக்கும் நினைவுகூர்தல் என்பதே பொருள். தமிழ், பாலி, அரபு ஆகிய மூன்றும் வெவ்வேறு மொழிக் குடும்பங்களைச் சார்ந்தவை. ஆயினும் மூன்றும் இவ்வொரு பயிற்சியை 'நினைவு' என்னும் கருத்தாலேயே சுட்டுகின்றன.

தியானம் என்றால் உலகை மறப்பது, தன்னை மறப்பது எனப் பலரும் கருதுகின்றனர். மேற்கண்ட சொற்கள் அக்கருத்தை மறுக்கின்றன. நம்மில் பெரும்பாலோர் உண்ணும்போது அலுவலையும், அலுவலின்போது வீட்டையும், தொழுகையில் நிற்கும்போது கடைக் கணக்கையும் எண்ணுகிறோம். நிற்கும் இடத்தை மறந்தே வாழ்கிறோம். அம்மறதியினின்று மீளுதலே தியானம். மனத்தை ஒரு பொருளில் நிறுத்துதல், அது விலகியதை அறிதல், அறிந்தவுடன் கடிந்துகொள்ளாமல் மீட்டுக் கொணர்தல் என்னும் மூன்றும் சேர்ந்ததே அப்பயிற்சி. நிறுத்தும் பொருள் மூச்சாகவோ, சொல்லாகவோ, இறைநாமமாகவோ இருக்கலாம்.

நெறிகள்தோறும் நினைவு

பதஞ்சலி முனிவர் வகுத்த எட்டுறுப்பு யோகத்தில் தாரணை, தியானம், சமாதி என்பன இறுதி மூன்று படிகளாகும். திருமூலர் இயற்றிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இவ்வெட்டுறுப்புகளைத் தமிழில் விரித்துரைக்கின்றது. புத்தர் பெருமான் மூச்சின் வருகையையும் செலவையும் கவனித்தலைத் தம் மாணாக்கர்க்குக் கற்பித்தார். கிறித்தவத் துறவியர் ஒரு சிறு செபத்தைப் பன்முறை ஓதி அகத்தை ஒடுக்கினர்.

இஸ்லாமிய மரபிலும் இதற்குத் தனி இடமுண்டு. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன்னர், மக்காவிற்கு அருகிலுள்ள நூர் மலையின் ஹிராக் குகையில் பல நாள்கள் தனித்திருந்து சிந்தனையில் ஆழ்ந்தார்கள் என்பது யாவரும் அறிந்த வரலாறு. படைப்பை எண்ணிப் பார்த்தலைத் 'தஃபக்குர்' என்றும், இறைவன் தன்னைக் காண்கிறான் என்னும் உணர்வோடு உள்ளத்தைக் காவல் செய்தலை 'முராகபா' என்றும், தனித்திருத்தலைக் 'கல்வத்' என்றும் மெய்ஞ்ஞானியர் வகைப்படுத்தினர். நக்ஷ்பந்திய்யா நெறியினர் ஒலியெழுப்பாமல் உள்ளத்திற்குள்ளேயே திக்ர் செய்வதைச் சிறப்பாகப் போற்றினர்.

தமிழ் மண்ணிலும் இம்மரபு செழித்தது. தக்கலையில் அடங்கியுள்ள பீர்முகம்மது அப்பா அவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் தனித்திருந்து தவம் செய்தார்கள் என்றும், பீர்மேடு என்னும் ஊர்ப்பெயர் அதனால் அமைந்தது என்றும் மரபுவழிச் செய்தி கூறுகின்றது. குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் சூபி ஞானத்தைச் சித்தர்தம் யோகச் சொற்களாலேயே தமிழில் பாடினார்கள்.

ஏட்டில் உள்ளதை ஏன் தேடவேண்டும்? என் இளமையில் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அதனைக் கண்டேன். சுப்ஹுத் தொழுகை முடிந்து வரும் நன்னா, கையில் தஸ்பீஹ் மணியோடு வெயில் ஏறும்வரை அமர்ந்திருப்பார். அவர் எழும்வரை வீட்டில் எவரும் உரக்கப் பேசமாட்டோம். எத்தனையோ இழப்புகளைக் கண்ட அம்மனிதர் ஒருநாளும் நிதானம் இழந்து நான் கண்டதில்லை. அவ்விரண்டிற்கும் தொடர்பு உண்டு என எண்ணிப் பார்க்கும் அகவை அன்று எனக்கில்லை.

தியானம் பிற சமயத்தார் வழிபாடாயிற்றே என ஐயுறும் பெரியோர் நம்மிடையே உளர். அவ்வையம் மதிக்கத்தக்கதே. அமைதியாக அமர்தல், மூச்சைக் கவனித்தல், சிதறும் எண்ணத்தை மீட்டல் ஆகியவை எச்சமயத்திற்கும் தனியுரிமை உடையன அல்ல. அவற்றோடு எந்நம்பிக்கையை இணைப்பது என்பது அவரவர் உரிமை. தமக்கு ஒவ்வாத மந்திரத்தை ஒருவர் ஏற்கத் தேவையில்லை. இன்னொன்றையும் ஈண்டுக் கூறல் வேண்டும். இறைவணக்கத்தை இறைவனுக்காகச் செய்தலே முறை. அதனைக் குருதியழுத்தத்திற்கு மருந்தாகக் கருதுவது வணக்கத்தின் மதிப்பைக் குறைப்பதாகும். வணக்கத்தில் ஊன்றிய உள்ளம் உடலுக்கும் நலம் பயக்குமாயின், அது வழியில் கிடைத்த நிழல் போன்றது.

நாவிழந்த பேராசிரியர்

உள்ளத்தின் அல்லல் உடலை எவ்வாறு தாக்கும் என்பதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கை சிறந்த சான்றாகும். 1058ஆம் ஆண்டு பாரசீகத்தின் தூஸ் நகரில் பிறந்த அவர், 1091ஆம் ஆண்டு பாக்தாது நிஸாமிய்யாக் கல்விக்கூடத்தின் பேராசிரியரானார். முந்நூறு மாணவர் அவரிடம் பாடம் கேட்டனர். பதவியும் புகழும் நிறைந்திருந்த அந்நிலையில், 'நான் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா?' என்னும் வினா அவரை வாட்டிற்று. 1095ஆம் ஆண்டு ஏறத்தாழ ஆறு திங்கள் இப்போராட்டம் நீடித்தது. ஒருநாள் பாடம் சொல்ல நா எழவில்லை. உணவு செரிக்கவில்லை. உடல் நலிந்தது. நோய் உள்ளத்தில் தோன்றி உடலிற் பரவியிருக்கிறது, உள்ளம் ஆறினாலன்றி மருந்து பயன்படாது என மருத்துவர் கைவிட்டனர். இவற்றை அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார்.

பின்னர் அவர் பதவியைத் துறந்து திமிஷ்கு சென்றார். அங்குள்ள பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவடைத்துக்கொண்டு பகற்பொழுதெல்லாம் தனித்திருந்தார். பல்லாண்டுத் தனிமைக்குப் பின், 1106ஆம் ஆண்டு நிஷாப்பூரில் மீண்டும் பாடம் சொல்லத் தொடங்கினார். பேச்சிழந்த ஆசிரியர் பேச்சோடு திரும்பிய இவ்வரலாறு, ஆசிரியப் பணியில் உள்ள என்னைப் பெரிதும் ஈர்த்தது. தேர்வுக்கூடத்தில் நினைவிழந்து நின்ற என் மாணவரையும் அது எனக்கு நினைவூட்டிற்று.

உடலில் நிகழ்வது என்ன?

நம் விருப்பத்தை எதிர்பாராமல் இதயம், நுரையீரல், குடல் ஆகியவற்றை இயக்கும் நரம்பு மண்டலம் இரு பிரிவுகளை உடையது. ஒன்று பரிவு நரம்பு மண்டலம். மற்றொன்று துணைப்பரிவு நரம்பு மண்டலம். முன்னையது வண்டியை விரைவுபடுத்தும் மிதிகட்டை எனின், பின்னையது தடைக்கட்டை எனலாம். இடர் நேரும்போது பரிவு நரம்புகள் கிளர்ந்தெழுகின்றன. அட்ரினலின் சுரக்கின்றது. இதயம் விரைகின்றது. குருதி தசைகளுக்குப் பாய்கின்றது. செரிமானம் தடைப்படுகின்றது. எதிர்த்துப் போரிடவோ தப்பி ஓடவோ உடல் ஆயத்தமாகும் இந்நிலையை ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வால்ட்டர் கேனன் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். நீடித்த நெருக்கடி உடலைப் பொதுவாக எவ்வாறு நலியச் செய்கிறது என்பதை 1936ஆம் ஆண்டில் ஹான்ஸ் செலியே எடுத்துரைத்தார்.

புலியைக் கண்ட மனிதனுக்கு இவ்வேற்பாடு உயிர்காப்பு. வினாத்தாளைக் கண்ட மாணவனுக்கோ அதுவே பகை. இரண்டையும் உடல் பிரித்தறிவதில்லை. மேலும், அச்சத்தின்போது மிகுந்து சுரக்கும் கார்ட்டிசால் என்னும் இயக்குநீர், முன்னரே கற்றதை நினைவிலிருந்து மீட்டெடுக்கும் ஆற்றலைத் தடுக்கின்றது. என் மாணவர் கூறியது முற்றிலும் உண்மை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அச்சம் அதன் வாயிலை அடைத்துவிட்டது.

இவ்வாயிலைத் திறக்கும் வழி உடலிலேயே உண்டு என்பதைக் காட்டியவருள் ஆர்வர்டு மருத்துவர் எர்பர்ட் பென்சன் (1935–2022) குறிப்பிடத்தக்கவர். குரங்குகளைக் கொண்டு குருதியழுத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்த அவரிடம், ஆழ்நிலைத் தியானம் பயின்ற இளைஞர் சிலர் வந்து தம்மை ஆராயுமாறு வேண்டினர். முதலில் மறுத்த அவர் பின்னர் இசைந்தார். அவரும் இராபர்ட் கீத் வாலசும் 36 பேரை ஆராய்ந்து 1972ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், தியானத்தின்போது உடல் ஏற்கும் உயிர்வளியின் அளவு ஏறத்தாழ 17 விழுக்காடு குறைந்தது என்றும், மூச்சும் இதயத் துடிப்பும் தணிந்தன என்றும் கூறினர். 1975ஆம் ஆண்டு தாம் எழுதிய நூலில் பென்சன் இந்நிலையைத் 'தளர்வு எதிர்வினை' என்னும் பொருள்படும் பெயரால் சுட்டினார். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப உன்னுதல், குறுக்கிடும் எண்ணங்களைப் பொருட்படுத்தாதிருத்தல் ஆகிய இரண்டுமே அதற்குப் போதும் என்பதும், அச்சொல்லை அவரவர் தம் சமய மரபிலிருந்தே தேர்ந்துகொள்ளலாம் என்பதும் அவர் கருத்தாகும். அமைதியாக ஓய்ந்திருப்பவரிடமும் இம்மாற்றங்களுட் பல காணப்படுவதைப் பின்வந்த ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். ஆயினும் ஓய்வையே மறந்துவிட்ட நமக்கு, முறையாக ஓயக் கற்பிப்பதும் ஒரு பயனே அன்றோ?

மூச்சின் பங்கினை விளக்கும் ஆய்வொன்று 2001ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்து லூசியானோ பெர்னார்தியும் பிறரும் 23 பேரை இலத்தீன் மொழிச் செபமாலைச் செபத்தையும், பௌத்த மந்திரம் ஒன்றையும் ஓதச் செய்து அளந்தனர். நாம் இயல்பாக மணித்துளிக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இவ்விரண்டில் எதனை ஓதியபோதும் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. குருதியழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் உடலின் உணர்திறன் கூடிற்று. மணி எண்ணிச் செபிக்கும் வழக்கம் ஆசியாவிலிருந்து அராபியர் வழியே ஐரோப்பா சென்றிருக்கலாம் என்றும் அவர்கள் கருதினர். இதனைப் படித்தபோது எங்கள் திண்ணையும் நன்னாவின் விரல்களில் உருண்ட மணிகளும் என் கண்முன் தோன்றின.

மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளிவிடும்போது சற்றுத் தணிவதும் இயற்கை. ஆகவே வெளிமூச்சை நீட்டுபவர் தம்மையறியாமலே துணைப்பரிவு நரம்புகளைத் தூண்டுகிறார். இதயத்தை நேரே கட்டளையிட்டு நிறுத்தவோ தணிக்கவோ நம்மால் இயலாது. மூச்சின் வழியே அதனிடம் நயந்து பேச இயலும்.

உள்ளத்தில் நிகழ்வது என்ன?

2010ஆம் ஆண்டு ஆர்வர்டு உளவியலாளர் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் ஆகிய இருவரும் 2,250 பேரிடம், கைப்பேசி வழியாக, அவ்வப்போது செய்யும் செயலையும் எண்ணும் எண்ணத்தையும் கேட்டறிந்தனர். விழித்திருக்கும் பொழுதில் ஏறத்தாழ 47 விழுக்காடு அளவிற்கு அவர்தம் மனம் செய்யும் செயலை விட்டு அலைந்துகொண்டிருந்தது. மனம் அலைந்தபோது மகிழ்ச்சி குறைந்திருந்தது. கைப்பேசித் திரையே உலகமாகிவிட்ட இந்நாளில் இவ்வலைச்சலை நாம் ஒவ்வொருவரும் உணர்கிறோம்.

அலையும் மனம் கவலையை அசைபோடுகின்றது. தியானம் அக்கவலையை அழிப்பதில்லை. 'இது ஓர் எண்ணம். எண்ணமே நிகழ்வு ஆகிவிடாது' என விலகிநின்று காணும் ஆற்றலைத் தருகின்றது. இவ்வடிப்படையில் 1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்சு பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின், தீராத வலியாலும் நோயாலும் வருந்துவோர்க்கு எட்டு வாரப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். சமயச் சடங்கு எதுவுமின்றி மூச்சையும் உடலையும் கவனிக்கச் செய்வதே அதன் முறை.

அதனைத் தழுவி, மனச்சோர்வு நோய் மீண்டும் மீண்டும் வருவோர்க்கென டீஸ்டேல், வில்லியம்ஸ், சீகல் ஆகியோர் ஒரு பயிற்சியை வகுத்தனர். 2000ஆம் ஆண்டு வெளிவந்த அவர்தம் ஆய்வில், மூன்றோ அதற்கு மேற்பட்டோ முறை அந்நோய்க்கு ஆளானவர்களுள், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினர்க்கு நோய் மீண்டது. பயிற்சியும் பெற்றோரில் அது 37 விழுக்காடாகக் குறைந்தது. 2022ஆம் ஆண்டு வெளிவந்த பிறிதோர் ஆய்வில், மனப்பதற்ற நோயுடைய 276 பேருள் ஒரு சாரார் எட்டு வாரம் தியானப் பயிற்சியும், மற்றொரு சாரார் எசிட்டலோப்ராம் என்னும் மாத்திரையும் பெற்றனர். பதற்றத்தைக் குறைப்பதில் தியானம் அம்மருந்திற்குத் தாழ்ந்ததாக இல்லை எனக் கண்டனர். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை, டிசம்பர் 21ஆம் நாளை உலகத் தியான நாளாக அறிவித்ததும் ஈண்டுக் கருதத்தக்கது.

அளவறிந்து கொள்க

நன்மையை மட்டும் கூறி அளவைக் கூறாது விடுதல் அறிவுடைமை ஆகாது. தியானம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று முழங்குவோர் பலராகிவிட்ட காலம் இது.

2014ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழக இதழொன்றில், 47 ஆய்வுகளையும் அவற்றிற் பங்கேற்ற 3,515 பேரையும் தொகுத்து நோக்கிய கட்டுரை வெளிவந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைத் தியானம் ஓரளவு குறைக்கின்றது என்பதற்குச் சான்று உண்டு என்றும், உடற்பயிற்சி, மருந்து போன்ற பிற முறைகளினும் அது மேம்பட்டது என்பதற்குச் சான்று இல்லை என்றும் அது கூறிற்று. 2017ஆம் ஆண்டு அமெரிக்க இதயக் கழகம், இதயநோய் இடரைக் குறைக்கத் தியானம் துணைசெய்யக்கூடும், ஆயினும் உரிய மருத்துவத்தோடு சேர்த்தே அதனைக் கொள்ளவேண்டும் எனத் தெளிவுபடுத்திற்று. எட்டு வாரத்தில் மூளையின் அமைப்பே மாறுகிறது எனப் பரவலாகப் பேசப்பட்டது. 2022ஆம் ஆண்டு வெளிவந்த பெரியதோர் ஆய்வில் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை.

எனவே பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். தியானம் தொடங்கிவிட்டோம் என்று நீரிழிவு, குருதியழுத்த மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நான் இன்றும் மாத்திரை உட்கொள்கிறேன். அளவைக் குறைப்பதா கூட்டுவதா என்பதை மருத்துவரே முடிவுசெய்கிறார்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் மற்றொரு வேண்டுகோள். ஒரு பிள்ளை பல நாள்களாக உறங்காமல், உண்ணாமல், எவரோடும் பேசாமல் இருக்குமாயின், 'கண்ணை மூடி உட்கார், சரியாகிவிடும்' எனக் கூறி அமையற்க. கடும் மனச்சோர்வு உடையோர்க்கும், பேரதிர்ச்சிக்கு ஆளானோர்க்கும், மெய்ம்மை பிறழ்ந்த மனநோய் உடையோர்க்கும் தனித்துச் செய்யும் நீண்ட தியானம் சிற்சில வேளைகளில் துன்பத்தை மிகுவிப்பதும் உண்டு. அவர்களை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே கடமை. இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் இலவச மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416. மனநோய்க்கு மருத்துவம் பெறுதல் இறைநம்பிக்கைக் குறைவும் அன்று, குடும்பத்திற்கு இழுக்கும் அன்று. கால் முறிந்தால் மருத்துவமனைக்குச் செல்ல நாணுவோர் உளரோ?

செய்முறை

மாணவர்களே! நாளொன்றுக்குப் பத்து மணித்துளிகள் ஒதுக்குங்கள். விடியற்பொழுது ஏற்றது. தொழுகையாயினும் பிற வழிபாடாயினும் அது முடிந்தபின் அமர்ந்தால் தனியாக நேரம் தேடவேண்டியதில்லை. கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

தரையிலோ நாற்காலியிலோ முதுகு நிமிர, தோள் தளர அமருங்கள். கண்களை மூடலாம், அல்லது பார்வையைத் தாழ்த்திக்கொள்ளலாம். மூச்சை வலிந்து அடக்க வேண்டா. இயல்பாக இழுத்துச் சற்று நீளமாக வெளிவிடுங்கள். ஒவ்வொரு வெளிமூச்சிற்கும் ஓர் எண்ணாக ஒன்றுமுதல் பத்துவரை எண்ணி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எண்ணுக்கு மாற்றாக உங்கள் உள்ளத்திற்கு உகந்த இறைநாமத்தையும் கொள்ளலாம்.

மூன்றாம் எண்ணிலேயே மனம் ஓடிவிடும். அது தோல்வி அன்று. ஓடியதை அறிந்த அக்கணமே பயிற்சி நிகழும் கணம். மனத்தைத் திட்டாமல் ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். நூறுமுறை ஓடினால் நூறுமுறை மீட்டுவருவதே அன்றைய பயிற்சி. காலம் முடிந்ததும் கண்களைத் திறந்து சிறிது நேரம் அமர்ந்திருந்து, பின்னர் எழுங்கள்.

முதல் வாரத்தில் சலிப்பே மிகும். சிலர்க்கு உறக்கம் வரும். பயன் உடனே தெரியவில்லை என விட்டுவிடாதீர்கள். தேர்வுக்கு முதல்நாள் தொடங்கும் தியானம், தேர்வுக்கு முதல்நாள் தொடங்கும் படிப்பைப் போன்றதே. பருவத்தின் தொடக்கத்திலேயே தொடங்குங்கள். உறக்கம், உணவு, விளையாட்டு ஆகியவற்றைக் குறைத்து இதனைச் செய்யற்க. அவற்றோடு ஒன்றாக இதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறைவுரை

தமிழ் உள்ளுதல் என்றது. பாலி சதி என்றது. அரபு திக்ர் என்றது. அச்சமும் அலைச்சலும் நம் நினைவைப் பறிக்கின்றன. அதனை மீட்டெடுக்கும் எளிய பயிற்சியே தியானம். அதனால் மூச்சு சீர்படுகின்றது, பதற்றம் தணிகின்றது, உடல் ஓய்வு பெறுகின்றது. மருந்துக்கு அது துணையாகும், மாற்றாகாது. பொருட்செலவில்லாத இப்பயிற்சி ஏழைக்கும் செல்வர்க்கும் பொது.

முன்னுரையிற் கூறிய மாணவரைப் பற்றி ஒரு சொல். அடுத்த பருவம் முழுவதும் வகுப்பு தொடங்குமுன் நாங்கள் இருவரும் துறை அறையில் பத்து மணித்துளிகள் அமர்ந்தோம். கற்பித்தவன் யான் எனினும் உடன் கற்றவனும் யானே. தேர்வு முடிந்து வந்த அவரிடம், "அச்சம் போயிற்றா?" என வினவினேன். "இல்லை ஐயா, இன்றும் வந்தது. வந்ததைப் பார்த்துக்கொண்டே மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் முதல் விடை நினைவுக்கு வந்துவிட்டது" என்றார்.

அன்று நான் கூறத் தவறிய விடையை அவரே எனக்குக் கூறிவிட்டார்.